இடது காதுக்கு வரவேண்டியது

எங்கள் வீட்டில் அப்பாவின் இடப்பக்கம் எப்போதும் சுவர்தான் இருக்கும். சாப்பிட உட்கார்ந்தாலும் தொலைக்காட்சி பார்த்தாலும் அவர் இடது தோளைச் சுவரோடு சேர்த்துக்கொள்வார். நாங்கள் வலப்பக்கம் அமர்வோம். இதை யாரும் எனக்குச் சொல்லித் தந்ததாக நினைவில்லை. ஸ்கூட்டரில் பின்னால் இருந்து பேசும்போது அவருடைய வலது தோளுக்கு மேலே முகத்தை நீட்ட வேண்டும் என்பதும் அப்படிப் பழகியதுதான்.

அப்பா பீரங்கிப் படையில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்றவர். பீரங்கிகளின் அருகில் நின்ற ஆண்டுகளில் அவருடைய இடது காது ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. ராணுவ மருத்துவக் குழு அதைச் சோதித்து எழுதித் தந்ததால், ஓய்வூதியத்தோடு ஊனத்துக்கென்று ஒரு தொகையும் சேர்ந்து வந்தது. அம்மா அதைக் ‘காதுக் காசு’ என்பாள். முதுகலைத் தமிழ் படிக்க நான் தினமும் கோவைக்குப் போய்வந்தது அந்தக் காசில்தான்.

வெளியாட்கள் எவருக்கும் இது தெரியாது. நாங்கள் தெற்கே கரிசல் பக்கத்திலிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்தவர்கள். அப்பா பனியன் துணி பின்னும் ஒரு நிட்டிங் யூனிட்டில் சூப்பர்வைசர். அங்கே இயந்திரங்கள் சுற்றத் தொடங்கிவிட்டால் எவர் பேச்சும் எவருக்கும் கேட்காது. சுட்டுவிரலை மடக்கிக் காட்டினால் ஊசி உடைந்திருக்கிறது. உள்ளங்கைகளை உரசிக் காட்டினால் பஞ்சு அடைத்திருக்கிறது. தமிழரும் ஒடிசாக்காரரும் ஒருவர் உதட்டை ஒருவர் பார்த்தே வேலையை முடித்துக்கொள்வார்கள். பல ஆண்டுகளாக உதடு பார்த்து வாழ்ந்த அப்பாவுக்கு அந்த இரைச்சல் ஒரு பாதுகாப்பாக இருந்தது. “நம்ம மிலிட்டரிக்காரரு கண்ணுலயே கேட்டுப்போடுவாருங்க” என்று முதலாளி வருகிறவர்களிடம் பெருமையடிப்பாராம். அதை அப்பா வீட்டில் வந்து சொல்லிச் சிரிப்பார். செவிடன் என்று தெரிந்தால் வேலை நிலைக்குமா என்ற பயத்தை மட்டும் சொன்னதில்லை.

ஓய்வூதியக் கணக்குகள் வங்கியிலிருந்து இணையத்துக்கு மாறியபோது, ஒவ்வொருவரும் தம் விவரங்களைப் பார்த்து உறுதிசெய்ய வேண்டியிருந்தது. அப்பா எங்கள் தெருமுனையில் உள்ள இ-சேவை மையத்துக்குப் போனார். அதை நடத்தும் அக்கா, திரையில் இருப்பதைத் தெருவுக்கே கேட்கும்படி வாசிப்பவர். ஆதாரில் முகவரி மாற்ற வந்த தொழிலாளர்கள் வாசல்வரை நின்றிருந்தார்கள். அப்பாவுக்கு நேர் பின்னால் நின்றவர் அவருடைய முதலாளி. ஏதோ பட்டா நகலுக்காக வந்திருந்தார். பெயர், பிறந்த தேதி, படைப்பிரிவு எல்லாம் சரியாக இருந்தன. ஊனத்துக்கான கட்டம் மட்டும் கணக்கு மாறியபோது எப்படியோ காலியாகிப் போயிருந்தது.

“ஊனம் ஏதாச்சும் இருக்குதுங்களா?”

அப்பாவுக்கு அது தெளிவாகவே கேட்டது. “இல்லீங்க” என்றார்.

அக்கா அப்படியே பதிந்தார். சிறிது காலத்தில் காதுக் காசு நின்றது. அம்மா கேட்டபோது, “சர்க்காரு கணக்கு, முன்னப்பின்ன இருக்கும்” என்று அப்பா நழுவினார். குறைந்ததை ஈடுகட்ட ஞாயிற்றுக்கிழமை ஷிப்டையும் சேர்த்துப் பார்க்கத் தொடங்கினார். வலது காதில் ஓயாத ரீங்காரம் வந்தபோதுதான் மருத்துவரிடம் போனோம். நல்ல காதையாவது இரைச்சலிலிருந்து காப்பாற்றிக்கொள்ளுங்கள், கூடுதல் ஷிப்டு கூடவே கூடாது என்றார் அவர். மறு ஞாயிறும் அப்பா சாப்பாட்டுத் தூக்கை எடுத்தார்.

“இருக்குற ஒத்தக் காதையும் அந்த மெஷினுக்கே குடுத்துட்டு வரப் போறீகளா?” என்றாள் அம்மா. வீட்டிலிருந்தே பனியன்களுக்குப் பிசிறு வெட்டித் தருகிறவள் அவள். கத்தரிக்கோலைக் கீழே வைக்கவில்லை.

அப்பா இடப்பக்கத்தை அவளுக்குக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

“செவுட்டுப் பக்கத்தத் திருப்பிட்டா விட்டுருவேனா? இங்கிட்டுத் திரும்புங்க.”

திரும்பினார். “அன்னைக்கு மொதலாளி பின்னால நின்னாரு. ஊனம் இருக்கான்னு அந்தப் பிள்ள கேட்டுச்சு. இல்லன்னுட்டேன்.”

அம்மாவின் கத்தரிக்கோல் பாதியில் நின்றது. பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பீரங்கிக்குப் பயப்படாத மனுசன், பனியன் கம்பெனிக்காரருக்குப் பயந்தீகளாக்கும்!”

அவள் சிரித்ததால்தான் அப்பா தூக்கைக் கீழே வைத்தார் என்று இன்றும் நினைக்கிறேன். அன்று மட்டும் அவர் ஷிப்டுக்குப் போகவில்லை.

திருத்தம் கேட்கும் மனுவை நான் எழுதினேன். எழுதுவதுதான் எனக்கு வரும், பேசுவது வராது. “விவரங்களை உறுதிசெய்தபோது, எனக்குக் குறைபாடு ஏதும் இல்லை என்று தவறுதலாகக் கூறிவிட்டேன்” என்று எழுதியிருந்தேன். அப்பா அந்த இடத்தில் விரலை வைத்தார்.

“தவறுதலா இல்ல தாயி. தெரிஞ்சேதான் சொன்னேன்.”

“அப்படி எழுதினா தள்ளுபடி பண்ணிட்டா என்னப்பா செய்யறது?”

“கையெழுத்துப் போடப்போறது நான்ல?”

தள்ளுபடியானால் அவர் ஞாயிறுகளிலும் அந்த இரைச்சலுக்குள் போய்க்கொண்டே இருப்பார் என்பது எனக்குத் தெரியும். இருந்தும் “வெட்கத்தினால் இல்லை என்று கூறிவிட்டேன்” என்று மாற்றி எழுதினேன். கல்லூரிக் கட்டுரை எதிலும் ஒரு சொல்லுக்காக நான் அவ்வளவு அஞ்சியதில்லை.

முன்னாள் படைவீரர்களுக்கான குறைதீர் முகாம் கோவையில், ஒரு வேலைநாளில் அறிவிக்கப்பட்டிருந்தது. விடுப்புக் கேட்கப் போன அப்பாவோடு நானும் யூனிட்டுக்குப் போனேன். முதலாளியின் அறைக் கதவைச் சாத்தியபின்னும் இயந்திரங்களின் அதிர்வு மேசையில் தெரிந்தது.

“லீவு எதுக்குங்க?”

அப்பா நின்றபடியே சொன்னார். “காது விசயமாங்க. எனக்கு எடது காது கேக்காது. பட்டாளத்துலயே போயிருச்சு. இ-சேவைல ஊனம் இல்லன்னு சொல்லி, அதுக்கு வந்த பென்சன நானே கெடுத்துக்கிட்டேன்.”

முதலாளி முன்னால் சாய்ந்தார். “கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க.”

அப்பா இன்னொரு முறை சொல்ல வேண்டியதாயிற்று. அதை முதன்முறை சொன்னதைவிட இரண்டாம் முறை அவர் குரல் இயல்பாக இருந்தது. முதலாளி மேசையைத் தட்டிச் சிரித்தார்.

“எனக்கு ரெண்டுமே பாதிதானுங்க! மீசை மொளைக்கறதுக்கு முன்னாடி மெஷினுக்குப் பக்கத்துல வந்து நின்னவனுங்க நானு. ஊட்டுல நான் டிவி வெச்சா எம் பேத்தி காதப் பொத்திக்கறா.”

“இத்தன வருசத்துல நீங்க ஒரு வார்த்த சொல்லலியே.”

“காதர்பேட்டை பனியன் யாவாரிக்குத் தெரிஞ்சா, அவன் சொல்றதுதான் வெலைன்னு ஆயிருமல்லங்க?” என்ற முதலாளி, சிரிப்பை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தார். “அன்னிக்கு நான் பின்னாடி நின்னதுதான் வெனையாப் போச்சுங்களா? போங்க, போயி வாங்கிட்டு வாங்க. உங்களுக்காச்சும் குடுக்கறதுக்கு ஒரு சர்க்காரு இருக்குது.”

அறையைவிட்டு வெளியே வந்தோம். இயந்திரங்களுக்கு நடுவே, பஞ்சு படிந்த காதுகளோடு நின்ற ஒவ்வொருவரையும் அப்பா பார்த்துக்கொண்டே நடந்தார்.

முகாம் நடந்த கல்யாண மண்டபம் அப்பாவின் யூனிட்டைப் போலவே இரைந்தது. வந்தவர்களில் பாதிப் பேர் பீரங்கிக்காரர்கள். எவரும் மெதுவாகப் பேசவில்லை. மேடையிலிருந்து ஒலிபெருக்கியில் பெயர் அழைத்தும் ஆட்கள் எழவில்லை. அப்பாவுக்கு அருகில் உட்கார்ந்த ஊத்துக்குளிக்காரர் ஒருவர் ஏதோ கேட்டார்; அப்பா வேறு ஏதோ பதில் சொன்னார். இருவரும் ஒருவரையொருவர் உற்றுப் பார்த்தார்கள்.

“உங்களுக்கு எந்தக் காதுங்க?” என்று அவர் கத்தினார்.

“எடது!”

“எனக்கு வலது! அதானுங்க, ரெண்டு கெட்டதும் நடுவால மாட்டிக்கிச்சு. எந்திரிங்க, எடம் மாறிக்கலாம்.”

மாறி உட்கார்ந்தார்கள். நல்ல காதுகள் இரண்டும் நடுவில் வந்துவிட, அழைக்கும்வரை ஓயாமல் பேசினார்கள். வீட்டுக்கு வெளியே அப்பா அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை.

மனுவைப் படித்த அதிகாரி, நான் அஞ்சிய வரிக்கு வந்ததும் கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்தார். “வெட்கத்துக்குன்னு இதுல கட்டம் எதுவும் இல்ல, ஹவில்தார் சாப். மெடிக்கல் போர்டு பேப்பர் இருக்கா?” இருந்தது. பார்த்து, நகலில் முத்திரையிட்டார். அவ்வளவுதான். நான் இரவெல்லாம் மனத்தில் எடைபோட்ட சொல் அவருக்குப் பொருட்டாகவே இல்லை. “அந்தப் பதிவைத் திறந்து விடுறோம். சென்டருக்குப் போய் நீங்களே திரும்ப உறுதி பண்ணணும்.”

சென்டர் என்றதும் அப்பா என்னைப் பார்த்தார்.

வேறு மையத்துக்குப் போகலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை. அதே தெருமுனை, அதே வாசல்வரை நீண்ட வரிசை. அக்கா ஒவ்வொன்றாக உரக்க வாசித்துக்கொண்டே வந்தார். அந்தக் கட்டம் வந்தது. இப்போது அது காலியாக இல்லை. கேட்கும் திறன் பற்றித் திருத்தப்பட்ட குறிப்பு அதில் இருந்தது. அக்கா அதைப் பார்த்ததும் வரிசையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். எங்களிடம் குனிந்து, ஒருபோதும் இல்லாத தணிந்த குரலில் ஏதோ முணுமுணுத்தார். அவருக்கு அவ்வளவு மெல்லிய குரல் உண்டென்று அன்றுதான் தெரிந்தது.

அப்பா வலது காதை அவர் பக்கம் திருப்பினார்.

“சத்தமாக் கேளும்மா. எனக்கு எடது காது கேக்காது.”

வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பின்னாலிருந்து ஒரு பெண், “மில்லு வேலைங்களா?” என்று கேட்டார்.

“பீரங்கி” என்றார் அப்பா, அவர் பக்கமும் திரும்பி.

அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு, பழைய குரலில் முழுவதையும் வாசித்தார். அப்பா கைரேகை வைத்தார்.

திருத்தம் ஏற்கப்பட்டதாகத் திரையில் வந்துவிட்டது. நின்றுபோன மாதங்களுக்கும் சேர்த்து வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். இதை எழுதும்வரை வரவில்லை. அதற்காகக் காத்திராமல் அப்பா ஞாயிறு ஷிப்டை விட்டுவிட்டார். மற்ற நாட்களில் காதடைப்பான் போட்டுக்கொண்டு போகிறார். முதலாளி ஒரு பெட்டி நிறைய வாங்கி வைத்திருக்கிறாராம். யூனிட்டில் பாதிப் பேர் போடுகிறார்கள், மீதிப் பேர் சிரிக்கிறார்கள்.

போன ஞாயிறு காலையில் அப்பா செய்தித்தாளோடு சுவரோரம் உட்கார்ந்திருந்தார். அம்மா ஒரு கட்டுப் பனியனையும் இன்னொரு கத்தரிக்கோலையும் அவர் முன்னால் வைத்தாள்.

“சும்மாதான இருக்கீக. பிசிறு வெட்டுங்க.”

அப்பா இடது காதில் கைவைத்தார். “என்னது? கேக்கல.”

“அதச் சர்க்காருகிட்டச் சொன்னது போதும்” என்று அம்மா கத்தரிக்கோலை அவர் கையில் திணித்தாள்.