கழுத்தைப் பொத்திய கைகள்

மகளுக்குக் காய்ச்சல் தீர்ந்தால் மொட்டை போடுவதாக, எலவனாசூர்கோட்டைப் பக்கம் உள்ள எங்கள் குலதெய்வ அம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்தேன். காய்ச்சல் விட்டதும் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். முடி எடுப்பவர் நரைத்த மீசைக்காரர். அவர் கத்தியை எடுத்ததுமே ஐந்து வயது மகள் கழுத்தைப் பொத்திக்கொண்டு அலறினாள்.

"முன்னல்லாம் புள்ளைங்க தலையத்தான் புடிச்சிக்கும். இப்ப கழுத்த பொத்திக்கிதுங்க. வூட்ல டிவில இன்னாங்க பாக்கறீங்க?" என்றார்.

வெட்டுக்குத்துப் படங்களை அவளை மடியில் வைத்துக்கொண்டே பார்ப்பவன் நான்.

அவர் தன் முன்கையில் தண்ணீர் தடவிக் கத்தியை ஓட்டிக் காட்டினார். அந்தக் கையில் ஏற்கெனவே ஒரு முடிகூட இல்லை. எத்தனை குழந்தைகளுக்குக் காட்டினாரோ!

"ரத்தம் வருதா பாப்பா?"

"வரல."

"அப்ப கைய எடு" என்று அதட்டினேன்.

"வுடுங்க, அது பாட்டுக்கு இருக்கட்டும். ஆத்தா கோச்சிக்க மாட்டா."

அந்தச் சின்ன விரல்களை விலக்காமலே பிடரிவரை மழித்து முடித்தார். அம்மனைக் கும்பிட்டேன், அவரையும் கும்பிட வேண்டும் போலிருந்தது.