வாஷிங் மெஷினில் அடித்த ஷாக்

மந்தைவெளியில் எங்கள் வீட்டு வேலைக்கு வரும் பெண் ஒரு நாள் சொன்னாள்: “யக்கா, வாஷிங் மெஷினத் தொட்டா கை சுருக்குனு இழுக்குது. இன்னான்னு பாருங்க.”

போய்த் தொட்டுப் பார்த்தேன். மூடி, பக்கத் தகடு, எதிலும் ஒன்றும் தெரியவில்லை. “ஒண்ணும் இல்லியே” என்றேன். அடுத்த வாரமும் சொன்னாள். மறுபடி தொட்டேன். பிரமை என்று விட்டுவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து, தேனாம்பேட்டை அலுவலகத்திலிருந்து வேறொரு வேலைக்காக எலக்ட்ரீஷியனுக்குப் போன் செய்தபோது, பேச்சோடு பேச்சாக இதையும் சொன்னேன்.

“நீங்க தொட்டப்ப கால்ல செருப்பு இருந்துச்சா மேடம்?” என்று கேட்டார்.

குதிகால் வலிக்காக வீட்டுக்குள்ளும் ரப்பர் செருப்பு போடுகிறவள் நான். அவளோ செருப்பை வாசலில் விட்டுவிட்டு, ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று வேலை செய்பவள்.

“ட்ரிப்பர் விழலையா?”

கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச் அது. போன மழைக்காலத்தில் அடிக்கடி விழுந்து தொல்லை கொடுக்கிறது என்று, வேறொருவரைக் கூப்பிட்டு அதை எடுத்துவிட்டு நேராக இணைப்புக் கொடுக்கச் சொன்னதே நான்தான். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மணி பதினொன்று. வீட்டுச் சாவி அவளிடம் இருந்தது. துணி போடுகிற நேரம். அவளைப் போனில் நான்கு முறை கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

வீட்டுக்கு விரைந்த என் ஆட்டோ ஆழ்வார்பேட்டை சிக்னலில் நின்றுவிட்டது. “கொஞ்சம் சீக்கிரம்ணா” என்றேன். “முன்னாடி பஸ்ஸு நிக்குது, பறந்தா போறது?” என்றார் டிரைவர். அவள் ஈரத்தில் விழுந்து கிடப்பதைத் தவிர வேறெதையும் என்னால் நினைக்க முடியவில்லை. அவளைத் தொடக் கூடாது, முதலில் மெயினை அணைக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டே வந்தேன்.

கதவு திறந்திருந்தது. மெயினை அணைத்துவிட்டு உள்ளே ஓடினேன். குளியலறையில் உட்கார்ந்து என் சேலையைக் கையால் கசக்கிக்கொண்டிருந்தாள்.

“இன்னாக்கா, கரண்டு பூட்ச்சா?” என்றவள், என் முகத்தைப் பார்த்து, “மெஷினத் தொட பயமா கீது. அதான் கைலயே தோச்சிக்கினு கீறேன்” என்றாள்.

போன் கூடத்தில் அவள் பைக்குள் கிடந்தது. நான் அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

போன் செய்ததும் எலக்ட்ரீஷியன் உடனே வந்தார். மோட்டாருக்குப் போகும் ஒயர் தோலுரிந்து தகட்டில் உரசிக்கொண்டிருந்தது. பிளக் பாயிண்டில் எர்த் ஒயரை யாரும் சேர்க்கவே இல்லை. எல்லாவற்றையும் சரிசெய்து புது ட்ரிப்பர் போட்டார்.

பழையதை எடுக்கச் சொன்னது நான்தான் என்று அவளிடம் சொன்னேன்.

“நான் ரெண்டு தபா சொன்னேனேக்கா” என்றாள்.

மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கச் சொல்லி, ட்ரிப்பரில் இருந்த பொத்தானை எலக்ட்ரீஷியன் காட்டினார். அவளே அழுத்தினாள். டப்பென்று விழுந்து மின்விசிறி நின்றது. “இன்னொரு தபா” என்று கேட்டு மீண்டும் அழுத்திப் பார்த்தாள்.

ஆனாலும் அவள் அந்த மெஷினைத் தொட ஒரு மாதம் ஆனது. அதுவரை துணிகளை நான்தான் போட்டு எடுத்தேன்.