ஒற்றைச் சமக்குறி

வேலைக்காக ஹைதராபாத் வந்த புதிதில், எங்கள் குழுத் தலைவர் கோயம்புத்தூர்க்காரர் என்று தெரிந்ததும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது. மல்காஜ்கிரியில் வாடகை வீடு பார்த்துக் கொடுத்ததே அவர்தான். மதியம் ஒரே மேசையில் சாப்பிடுவோம்.

ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்காக ஜாவாஸ்கிரிப்ட்டில் நிரல் எழுதினேன். முடிவு 'நார்மல்' என்றால் நோயாளியின் போனுக்குக் 'கவலை வேண்டாம்' என்று செய்தி போகும். இல்லையென்றால், 'மருத்துவரைப் பாருங்கள்'. ஓர் இஃப், ஓர் எல்ஸ், அவ்வளவுதான். இஃப்புக்குள் ஒப்பிட்டுப் பார்க்கச் சமக்குறியை மூன்று முறை போட்டிருந்தேன். ஒன்று மட்டும் போட்டால் கணினி ஒப்பிடாது. முடிவு என்னவாக இருந்தாலும் அதை 'நார்மல்' என்று மாற்றி எழுதிவிடும். எல்லோருக்கும் முதல் செய்தியே போகும்.

வெளியிடும் நாளில் அவர் என் இருக்கைக்கு வந்தார்.

"உங்க புரோகிராமக் கொஞ்சம் சுருக்கிட்டேனுங்க."

"திரும்ப டெஸ்ட் பண்ணிரட்டா சார்?"

"நான் பாத்துட்டேன். நீங்க சாப்பிடப் போங்க."

அவர் சோதித்த மாதிரிகள் எல்லாமே நார்மல். சுருக்கியதில் இரண்டு சமக்குறிகள் போயிருந்தது அவருக்கு எப்படித் தெரியும்?

அந்த வாரமே பரிசோதனை நிலையத்திலிருந்து போனில் கத்தினார்கள். சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்த ஒரு பெண்மணி, எங்கள் செய்தியை நம்பி மருத்துவரிடம் போகாமல் இருந்து, மயங்கி விழுந்து, ஐசியூவில் கிடந்தார்.

கூட்டத்தில் மேலாளர், "எவரு ராசாரு?" என்றார். யார் எழுதியது என்று கேட்கிறார்.

"கொத்த அம்மாயி சார்," என்று என் பக்கம் கை காட்டினார் குழுத் தலைவர். புதுப் பெண்ணாம். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர்தான் மாற்றினார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். உன் வேலைக்கு நீதான் பொறுப்பு என்று மேலாளர் முடித்துவிட்டார்.

வெளியே வந்ததும் குழுத் தலைவர் பின்னாலேயே வந்தார். "தப்பா நெனைக்காதீங்க. எனக்குக் குடும்பம் இருக்குது. நீங்க சின்ன வயசு, வேற வேல கெடைச்சிருமுங்க."

"அந்த அம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு சார்?"

"எந்த அம்மா?" என்றார்.

அந்தப் பெண்மணி பிழைத்துக்கொண்டதை நானே பரிசோதனை நிலையத்துக்குப் போன் செய்துதான் தெரிந்துகொண்டேன். அந்த மாதக் கடைசியில் என்னை அனுப்பிவிட்டார்கள். ஒரு சின்னக் கம்பெனியில் வேலை கிடைத்தது. அங்கே யாரோடும் சேர்ந்து சாப்பிட உட்காருவதில்லை.

பொங்கலுக்குப் பொங்கல் பழைய குழுத் தலைவரிடமிருந்து வாழ்த்து வருகிறது, கரும்புப் படத்தோடு, தமிழில். அழிப்பதற்காகக்கூட அதைத் தொட எனக்கு மனம் வருவதில்லை.