தண்ணீர் எங்கே போனது

தொழில்நுட்பக் கல்லூரியின் கடைசி ஆண்டில் நானும் என் தோழியும் செய்யத் தேர்ந்தெடுத்தது ஒரு சின்னக் காற்றுத் தாங்கி. முழங்கால் உயர இரும்பு உருளை. அமுக்கிய காற்றை அடைத்து வைப்பதுதான் அதன் வேலை. நான் செட்டிபாளையம், அவள் ஏறாவூர். அவளுடைய அண்ணன், அவள் வாயில் நானா, கட்டாரில் எண்ணெய்க் குழாய்களுக்கு வெல்டிங் செய்துவிட்டு வந்து ஊரில் பட்டறை வைத்திருந்தார். நானும் அவரை நானா என்றே கூப்பிட்டேன்.

கணக்குப் போட்டது நான். உருளையின் சுவருக்கு நாலு மில்லிமீற்றர் தகடு தாராளம் என்று வந்தது. இரண்டு முனைகளையும் மூட ஆறு மில்லிமீற்றரில் தட்டையான வட்டத் தகடு போதும் என்று நானே தீர்மானித்தேன். சுவரைவிடத் தடிப்பம்தானே.

நானா தன் பட்டறையில் வெல்டிங் செய்து ஒட்டி முடித்ததும், காற்றடித்துச் சோதிப்போம் என்றேன். அவர் கையுறையைக் கழற்றாமலே தலையாட்டி மறுத்தார்.

"காத்து அமுங்கிக் கிடக்கும் தங்கச்சி. வெடிச்சா குண்டுதான். தண்ணி அமுங்காது. உடைஞ்சாலும் பீச்சிப் போட்டு நிண்டுரும்."

தாங்கியில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, கைப்பம்பைப் பூட்டினோம். ஒன்பது பார் அழுத்தம் வரை ஏற்ற வேண்டும். அவள் பம்பை அடித்தாள், நான் அழுத்தமானியின் முள்ளைப் பார்த்தேன். ஆறு வரை முள் சுறுசுறுப்பாக ஏறியது. ஏழை நெருங்கியதும் சோம்பல் பிடித்ததுபோல நின்றது. அவள் அடித்துக்கொண்டே இருந்தாள்.

"எங்கயோ ஒழுகுது கா," என்றாள்.

பம்பை நிறுத்திவிட்டு ஒவ்வொரு வெல்டிங் ஒட்டையும் காய்ந்த துணியால் துடைத்துப் பார்த்தேன். துணி நனையவில்லை. நிலத்திலும் ஒரு சொட்டு இல்லை. பத்துப் பன்னிரண்டு அடி அடித்த தண்ணீர் உள்ளேதான் போயிருக்கிறது. உள்ளே ஏற்கெனவே இடமில்லை. அப்படியானால் எங்கே?

நானா அழுத்தத்தை இறக்கிவிட்டு, கோடு போடும் இரும்பு அடிமட்டத்தை நீட்டினார். "மூடியில வச்சுப் பாருங்க."

வைத்தேன். அடிமட்டம் தராசுபோல ஆடியது. நடுவில் மட்டும் தொட்டது. இரு பக்கமும் வெளிச்சம் தெரிந்தது. தட்டையான மூடி வெளியே புடைத்திருந்தது. அந்தப் புடைப்புக்குள் போயிருந்தது எங்கள் தண்ணீர்.

எனக்கு வெட்கத்தைவிட ஆச்சரியமே பெரிதாக இருந்தது. சுவருக்கான கணக்கையே மூடிக்கும் போட்டிருக்கிறேன். உருளைச் சுவரை அழுத்தம் இழுக்கிறது. தட்டை மூடியையோ வளைக்கிறது. அதே நாலு மில்லிமீற்றர் தகட்டைக் கிண்ணம்போல் குவித்தால் போதும், அதுவும் இழுபட்டே தாங்கும் என்று பிறகு கணக்கில் கண்டபோது, நம்பாமல் மூன்று தரம் போட்டுப் பார்த்தேன்.

குவிந்த மூடிகள் கொழும்பிலிருந்து பஸ்ஸில் வர இரண்டு கிழமை ஆனது. நானா பழைய மூடிகளை அறுத்தெடுத்துப் புதியவற்றை ஒட்டினார். இம்முறை முள் ஒன்பதில் போய் நின்று அரை மணி நேரம் அசையவே இல்லை.

"ஒண்டும் நடக்கல்ல," என்றாள் அவள், மகிழ்ச்சியாக.

கல்லூரியில் மதிப்பெண் போடும் நாளில், புடைத்த மூடியையும் தாங்கியோடு மேசையில் வைத்தோம். விரிவுரையாளர் தாங்கியை ஒரு நிமிடம் பார்த்தார். மூடியைப் பற்றித்தான் கால் மணி நேரம் கேட்டார். எனக்கு இன்னொரு கேள்வி மிச்சமிருந்தது. புதிய தாங்கியும் கொஞ்சம் விரிந்திருக்கத்தானே வேண்டும்? மறுநாள் மறுபடியும் தண்ணீர் ஏற்றி, தாங்கியின் இடுப்பில் அளவு நாடாவைச் சுற்றிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. நாடாவுக்குப் பிடிபடாத இரண்டு தலைமுடித் தடிப்பம் சுற்றளவு விரியும் என்கிறது கணக்கு.