சார்பியலுக்கு ஓர் எட்டு முழ வேட்டி

பெரியவர்களுக்கு எழுதுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு: புரியாவிட்டாலும் அவர்கள் தலையாட்டிவிடுவார்கள். சிறுவர் பக்கம் எழுதுகிறவனுக்கு அது கிடையாது. “அது ஏன்?” என்று விடாமல் கேட்கிற பிள்ளை ஒன்று உங்கள் வீட்டிலும் இருந்தால், நான் பட்ட பாட்டை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

நாகர்கோவிலில் ஒரு நாளிதழின் வார இணைப்பில் சிறுவர் பக்கத்தின் பொறுப்பைப் பார்த்துவந்தேன். பத்துப் பன்னிரண்டு வருஷங்களுக்கு முன், அதில் சார்பியல் கொள்கையைத் தொடராக எழுத ஆசைப்பட்டேன். ஆசிரியர் தங்கராஜ் அண்ணாச்சி சிரித்தார். ஆனாலும் இடம் கொடுத்தார்; கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தார். ஒவ்வொரு பகுதியையும் அச்சுக்குப் போகும் முன் ஒரு பள்ளிக்கூடத்தில் சொல்லிக்காட்ட வேண்டும். பிள்ளைகள் திருதிருவென்று விழித்தால் அத்தோடு தொடர் நின்றுவிடும். அந்த இடத்தில் புள்ளிகளைச் சேர்த்து வாத்து வரைகிற புதிர் அச்சாகும். வாத்து ஏற்கெனவே தயாராக அவர் மேசையில் கிடந்தது.

நிற்கிற பஸ்

முதல் பகுதியோடு அருமனைப் பக்கம் ஒரு பள்ளிக்குப் போனேன். ரயிலில் உட்கார்ந்திருக்கிறோம், பக்கத்துத் தண்டவாளத்து ரயில் நகர்கிறது, நம்முடையதுதான் புறப்பட்டுவிட்டது என்று தோன்றுகிறது அல்லவா என்று தொடங்கினேன். யார் முகத்திலும் அசைவில்லை. அந்த வகுப்பில் பாதிப் பேர் ரயிலில் ஏறியதே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. சுற்றிலும் ரப்பர் தோட்டம்; தண்டவாளம் எங்கோ தொலைவில்.

ரயிலை அழித்துவிட்டுப் பஸ் படம் போட்டேன். பஸ் நிலையத்தில் பக்கத்து வண்டி பின்னால் போனால் நம் வண்டி முன்னால் போவதுபோல இருக்குமே என்றதும் வகுப்பு விழித்துக்கொண்டது. எது நகர்கிறது, எது நிற்கிறது என்பது யார் பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்தது என்று முடித்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து சொன்னான்: “எங்க ஊரு பஸ்சு போவுதுன்னு நெனச்சா நிக்கும் சார். நிக்குதுன்னு நெனச்சா, அப்பமும் நிக்கும்.”

விசா கிடைக்காத ஊர்

அடுத்தது கொட்டாரம். ஒளியின் வேகம் யார் அளந்தாலும் ஒன்றுதான். அதனால், மிக வேகமாகப் போகிறவரின் கடிகாரம் நம் கணக்கில் மெதுவாக ஓடும் என்று சொன்னேன். இரட்டைப் பிறவிகளில் ஒருவர் ராக்கெட்டில் போய்விட்டுத் திரும்பினால், வீட்டில் இருந்தவரைவிட இளையவராக இருப்பார். பிள்ளைகளுக்கு இது பிடித்துவிட்டது. வாத்து ஒரு வாரம் தள்ளிப்போனது.

வாசலில் ஓர் அம்மா தன் மகள் ஜெஸியை அழைத்துப்போக நின்றிருந்தார். வகுப்பில் நான் சொன்னது அவருக்கும் கேட்டிருந்தது. அவர் கணவருக்கு மஸ்கட்டில் வேலை. விமானத்தில் போய்வருகிறவருக்குத்தான் தலை நரைத்தது, வீட்டில் இருக்கிற தனக்கு அவ்வளவு இல்லை, கணக்கு எங்கே பிசகியது என்று கேட்டார். அவர் சிரிக்கவில்லை. விமானத்தின் வேகம் இதற்கெல்லாம் போதாது, வித்தியாசம் கண் இமைக்கிற நேரத்தில் கோடியில் ஒரு பங்குகூட இராது, ராக்கெட் ஒளிக்குப் பக்கத்து வேகத்தில் போக வேண்டும் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு மகளின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். “அப்பம் அந்த ராக்கெட்டுக்கு விசா எப்பம் குடுப்பாவன்னும் ஒரு வரி எழுதிருங்க சார்.”

குளத்தங்கரை வரை

மூன்றாவது வாரம் பத்மநாபபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளி. ஆட்டோக்காரர் செல்போனில் வழி போட்டுக்கொண்டார். நான் அவரிடமே ஒத்திகை பார்த்தேன். இந்த வழியைச் சொல்ல உதவுகிற செயற்கைக்கோள்களில் கடிகாரங்கள் இருக்கின்றன. அவற்றின் வேகத்தால் அவை கொஞ்சம் மெதுவாக ஓடும். உயரத்தில் ஈர்ப்பு குறைவு என்பதால் அதைவிட அதிகமாக முந்தும். கூட்டிக்கழித்து அந்தப் பிசகைத் திருத்தாமல் விட்டால், ஒரே நாளில் கிலோமீட்டர் கணக்கில் வழி தப்பிவிடும்.

அவர் “ம்” கொட்டிக்கொண்டே வந்தார். செல்போன் இடது பக்கம் திரும்பச் சொன்னது, திரும்பினோம். பாதை குறுகியது, பிறகு புல்லானது, பிறகு ஒரு குளத்தின் படிக்கட்டில் முடிந்தது. அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் எங்களை நிமிர்ந்து பார்த்தார்கள். ஆட்டோக்காரர் என்ஜினை அணைத்துவிட்டு அமைதியாகச் சொன்னார்: “இன்னைக்குத் திருத்த மறந்துட்டாவ போல.”

ஜெஸி குனிந்து பார்த்தது

அன்று பள்ளிக்குப் போய்ச்சேரும்போது கடைசி மணி அடித்துவிட்டார்கள், வகுப்பு நடக்கவில்லை. அண்ணாச்சி வாத்தைக் கையில் எடுத்துவிட்டார். இன்னும் ஒரே ஒரு வகுப்பு பார்ப்பேன், அதுவும் நானே வந்து பார்ப்பேன் என்றார். அவர் வீட்டுக்குப் பக்கம் என்பதால் மறுபடியும் கொட்டாரம்.

பொதுச் சார்பியலுக்கு ஓர் எட்டு முழ வேட்டி கொண்டுபோனேன். ஒரு முனையை நானும் ஒரு முனையை அண்ணாச்சியும் மற்ற இரண்டைப் பிள்ளைகளும் இழுத்துப் பிடித்தோம். நடுவில் ஒரு பெரிய தேங்காயை வைத்ததும் வேட்டி குழிந்தது. கோலிக்காயை ஓரத்தில் உருட்டிவிட்டேன். அது தேங்காயைச் சுற்றிச் சுற்றி வந்தது. தேங்காய்தான் சூரியன், கோலிதான் பூமி. சூரியன் கயிறு கட்டி இழுக்கவில்லை, விண்வெளிதான் வளைந்திருக்கிறது என்றேன். பிள்ளைகள் மறுபடியும் மறுபடியும் உருட்டச் சொன்னார்கள். அண்ணாச்சி முகம் மலர்ந்திருந்தது.

ஜெஸி மட்டும் கோலியைப் பார்க்கவில்லை. குனிந்து வேட்டிக்கு அடியில் போனாள், அண்ணாந்து பார்த்தாள், வெளியே வந்தாள். “சார், தேங்காய பூமி கீழ இழுக்கதுனாலதான வேட்டி குழியுது. ஆகாசத்துல சூரியனுக்கு அடியில நின்னு யாரு இழுக்கா?”

வாத்து

வேட்டி வெறும் சாடை காட்டுவதுதான், ஆகாயத்துக்கு அடிப்பக்கம் என்று ஒன்று இல்லை, சூரியனுக்குப் பக்கத்தில் தூரத்தின் அளவும் கடிகாரத்தின் ஓட்டமுமே மாறிவிடுகின்றன, அந்த மாற்றத்துக்குத்தான் வளைவு என்று பெயர் என்றேன். அவளுக்கு அது போதவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. மற்ற பிள்ளைகளும் ஒவ்வொருவராக வேட்டிக்கு அடியில் போய்ப் பார்க்க, தேங்காய் உருண்டு அண்ணாச்சி காலில் விழுந்தது. தொடர் முடிந்தது என்றே நினைத்தேன்.

அலுவலகத்துக்குத் திரும்பினோம். அண்ணாச்சி வாத்துப் படத்தை எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதைத் திருப்பி, பின்பக்கத்தில் ஜெஸியின் கேள்வியை எழுதி என்னிடம் நீட்டினார். “வாத்துக்கு அடியில என்ன இருக்குன்னு இதுவரைக்கும் ஒரு பிள்ளையாவது குனிஞ்சு பாத்திருக்கா வே? அந்தப் பிள்ளைக்குப் புரியுத வரைக்கும் எழுதும்.”

எழுதினேன், இப்போது அந்த இணைப்பும் இல்லை, அண்ணாச்சியும் இல்லை, ஜெஸி படிப்பு முடித்து வேலைக்கே போய்விட்டாள். அசையாமல் உட்கார்ந்திருப்பவனுக்குத்தான் வருஷங்கள் வேகமாக ஓடும் என்று அந்தத் தொடரில் நானேதான் எழுதியிருந்தேன், என்னைப் பற்றித்தான் எழுதுகிறேன் என்று அப்போது தோன்றவில்லை.