கடற்பஞ்சுக்குள் புகுந்த காற்று

ஆராய்ச்சி நிலையத்தில் அவரை எல்லோரும் பஞ்சண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருஷமாகத் தொட்டி பார்க்கிறவர். பவளப்பாறையிலிருந்து கொண்டுவந்த கடற்பஞ்சுகள் அவர் பொறுப்பு. கடற்பஞ்சுக்கு வாய் கிடையாது, வயிறு கிடையாது, இதயமும் கிடையாது. உட்கார்ந்த இடத்தை விட்டு நகராது. "நம்ம மேனேஜர் மாதிரின்னு சொல்லுங்க" என்று கேன்டீனில் கேலி செய்வார்கள். அவருக்குச் சுருக்கென்று கோபம் வரும். உடம்பு முழுக்க இருக்கும் பொடித் துளைகளால் தண்ணீரை இழுத்து, கண்ணுக்குத் தெரியாத இரையை வடிகட்டித் தின்றுவிட்டு, உச்சியில் இருக்கும் பெரிய துவாரம் வழியாக வெளியே தள்ளுகிற ஜீவன் அது. "ராத்திரி பகலா உழைக்குதுய்யா. நீங்க அப்படியா?" என்பார்.

தினமும் காலையில் முதல் வேலையாகச் சொட்டுக்குழாயில் பச்சைச் சாயம் எடுத்து, அதன் இடுப்போரம் ஒரு சொட்டு விடுவார். கொஞ்ச நேரத்தில் உச்சியிலிருந்து பச்சைப் புகையாக வந்தால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அவர் போடும் ஒரே சட்டம், எதற்காகவும் அதைத் தண்ணீரை விட்டுத் தூக்கக் கூடாது என்பது. வாளியை உள்ளே இறக்கி, அதற்குள் நகர்த்தி, தண்ணீரோடுதான் எடுக்க வேண்டும். வெளியே தூக்கினால் உள்ளிருக்கும் நீர் வடிந்து, அந்த இடத்தில் காற்று ஏறிக்கொள்ளும். அதை வெளியே தள்ள அதற்கு வழி தெரியாது. காற்று தங்கிய இடம் உள்ளுக்குள்ளேயே அழுகும்.

அப்பேர்ப்பட்ட மனுஷர்தான் தூக்கினார். பார்வையாளர்கள் வரப்போகிறார்கள், கண்ணாடியில் பாசி, வாளியோ அடுத்த அறையில். போய் எடுத்துவர அரை நிமிஷம் ஆகாது. சோம்பல்தான், வேறென்ன சொல்ல? குடம் அளவு இருந்த பெரிய கடற்பஞ்சை இரண்டு கையாலும் தூக்கிப் பக்கத்துத் தொட்டிக்கு மாற்றினார். மூன்று விநாடி இருக்கும். பிழியாத துணி மாதிரி ஒழுகியது. இறக்கிய பிறகு நாலைந்து குமிழிகள் மட்டும் மேலே வந்தன. மிச்சக் காற்று உள்ளேதான் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் இல்லை.

அந்தக் கடற்பஞ்சை வைத்துத்தான் ஆய்வாளர் மேடம் மூன்று வருஷமாக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். முதல் மூன்று நாள் ஒன்றும் தெரியவில்லை. நாலாம் நாள் பச்சைப் புகை நூலாக இளைத்தது. ஆறாம் நாள் பக்கவாட்டில் சாம்பல் திட்டு விழுந்து, மூடியைத் திறந்தால் குடலைப் புரட்டும் நாற்றம். மேடம் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

கடல் அங்கிருந்து வெகு தூரம். உப்பைக் கரைத்துத் தொட்டிக்குக் கடல்நீர் தயாரிப்பது பஞ்சண்ணனின் மச்சினி. புருஷன் இறந்தபின் இரண்டு பெண் பிள்ளைகளோடு அவர் வீட்டுப் பின்னறையில் இருக்கிறவள். வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். அந்த வாரம் பார்த்துப் புது உப்பு மூட்டை பிரித்திருந்தார்கள். உப்பு அளவில்தான் தவறு என்று மேடம் முடிவு கட்டிவிட்டார்.

சொல்லிவிடலாம் என்று இரண்டு தரம் மேடத்தின் கதவு வரை போனார். ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருஷம். அதோடு, இத்தனை நாள் கட்டிக்காத்த பேர் வேறு. கதவைத் தட்டாமலே திரும்பிவிட்டார். வீட்டில் மச்சினி தட்டை அப்படியே மூடி வைத்துவிட்டு எழுந்து போனாள்.  அவர் சாப்பிட்டு முடித்தார்.

எட்டாம் நாள் மதியம் உப்பு அறை வாசலில் அவரைப் பிடித்தாள்.

"நாளைக்குச் சாவியைக் குடுத்துட்டுப் போகச் சொல்லிட்டாங்க மாமா. நான்தான் அளவைக் கூட்டிட்டேன் போல. நீங்க சொல்லிச் சேத்துவிட்ட வேலை, உங்க பேரையும் கெடுத்துட்டேன். மன்னிச்சிடுங்க."

அதற்கு மேல் அவரால் அங்கே நிற்க முடியவில்லை. நேரே மேடத்திடம் போய் எல்லாவற்றையும் கொட்டினார். மேடம் கையை நீட்டினார்.

"தொட்டி அறைச் சாவியை வெச்சிட்டுப் போங்க. நாளையிலேர்ந்து கிடங்குல வேலை பாருங்க. அந்தம்மா இருக்கட்டும்."

சாயங்காலம் வீட்டுக்கு நடக்கும்போது மனசு லேசாகத்தான் இருந்தது. மச்சினி நன்றி சொல்வாள் என்றுகூட ஒரு நப்பாசை. வெட்கம் கெட்ட ஆசைதான்.

அவள் பின்னறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் வந்து சேர்வதற்குள் விஷயம் அவளுக்கு எட்டியிருந்தது.

"வேலை போகல இல்ல?" என்றார்.

"போகல."

"கோவமா இருக்கியா?"

மடித்த துணியை ஒதுக்கி வைத்தாள். குரல் உயரவில்லை.

"தப்பு யாருக்கும் வரும் மாமா. அதுக்கில்ல. முந்தாநாள் உப்பு அளவு எழுதுற நோட்டை எடுத்துட்டு வந்து, எங்க தப்பு விட்டேன்னு தெரியலையேன்னு அழுதேன். நீங்களும் பக்கத்துல உக்காந்து, கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, ஒவ்வொரு நாளாப் பாத்து என்கூடத் தேடினீங்களே மாமா."