‘விழுந்தது’ என்று எழுதாதீர்கள்

எங்கள் குரூப்பில் ஒரு சட்டம் உண்டு. “கொம்பியூட்டர் தானாக நின்றுவிட்டது, உதவவும்” என்று யாராவது எழுதினால் உதவி வராது, ஏச்சுத்தான் வரும். எந்தச் சாமானும் தானாகப் பழுதாவதில்லை. என்ன நடந்தது, கடைசியாக யார் தொட்டது, என்ன சத்தம் கேட்டது, எல்லாவற்றையும் எழுத வேண்டும். பழுது தீர்ந்த பிறகும் விடமாட்டார்கள். பழுது இது, காரணம் இது, இப்படித்தான் சரிவந்தது என்று ஒரு முடிவுக் குறிப்புப் போட்டே ஆக வேண்டும். நாளைக்கு அதே பழுதோடு தவிக்கப்போகிற ஆளுக்கு அது உதவும். குறிப்புப் போடாமல் நழுவுகிறவர்களுக்கு அடுத்தமுறை ஒரு ஸ்க்ரூகூடக் கொடுக்க மாட்டோம்.

நாங்கள் ஒருவரும் இந்தப் பழுதுபார்ப்பைத் தொழிலாகச் செய்கிறவர்கள் இல்லை. எல்லாருக்கும் இது ஒரு விசர், ஒரு பைத்தியம், அவ்வளவுதான். ஃபோனில் ஒரு குரூப், ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் முன்னறை. அந்த வீட்டுக்காரர் வங்கியில் வேலை செய்கிறவர், எங்கள் எல்லாருக்கும் அண்ணை. கடற்பக்கம் இறங்குகிற ஒழுங்கையில் கடைசி வீடு அது. ரயில் போனால் மேசை நடுங்கும். அதனால் ரயில் சத்தம் கேட்டதும் போர்டில் ஈயம் பற்றவைக்கிறவர் சூட்டுக்கோலைத் தூக்கிக்கொண்டு காத்திருப்பார். உப்புக் காற்று பட்டு போர்டுகளில் பச்சை பிடிக்கும், அதைப் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்துக்கொண்டே ஊர் வம்பெல்லாம் கதைப்போம். எனக்கு அந்த முன்னறை கோயில் மாதிரி. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

நான் வீட்டுப் பிளான் வரைகிறவள். ஒரு கட்டடக்கலைஞரின் அலுவலகத்துக்கு வீட்டிலிருந்தே வரைந்து அனுப்புவேன். என்னிடம் ஒரு லெப்டொப் இருந்தது. அது இருந்தால் எனக்கு வேலை, வேலை இருந்தால் எனக்கென்று ஓர் அறை. கொட்டாஞ்சேனையில் ஓர் அனெக்ஸ், ஒரு வீட்டோடு ஒட்டின தனியறை, பார்த்து வைத்திருந்தேன், அடுத்த மாதம் வரலாம் என்று வீட்டுக்கார அம்மா சொல்லியிருந்தார். இது என் மனுசனுக்குத் தெரியாது. அவரை ‘அவர்’ என்று எழுதித்தான் கை பழகியிருக்கிறது. போதும், இனி ‘அவன்’ என்றே எழுதுகிறேன்.

அவன் டை கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவன். படிக்கட்டில் அயலவரைக் கண்டால் குனிந்து வணக்கம் சொல்லுவான். வீட்டுக் கதவு சாத்தினால் வேறு ஆள். முதலில் என் மேல் கை வைக்கவில்லை, என் சாமான்களில்தான் வைத்தான். லெப்டொப் ஸ்க்ரீனில் குத்தினான். “யாரோட கதைக்கிறாய் இதில?” என்பான். யாரோடு கதைப்பது? படியும் கக்கூசும் எங்கே வரும் என்று வரைந்துகொண்டிருப்பேன்.

உடைந்த ஸ்க்ரீனைப் படமெடுத்து குரூப்பில் போட்டேன். ‘விழுந்திட்டுது’ என்று எழுதினேன். எல்லாரும் கூடி வேறு ஸ்க்ரீன் தேடி மாட்டித் தந்தார்கள். மருதானையில் எலெக்ட்ரொனிக்ஸ் சாமான் கடை வைத்திருக்கிற முஸ்லிம் ஆள் ஒருவர் எங்களோடு இருக்கிறார், நானா என்றுதான் கூப்பிடுவோம். அவர்தான் கொண்டுவந்தார். பிறகு கீபோர்டில் கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணி ஊற்றினான். ‘கை தட்டுப்பட்டிட்டுது’ என்று எழுதினேன். அதையும் மாற்றித் தந்தார்கள். “அக்காட வீட்டில மட்டும் பூமி நடுங்குதோ?” என்று பகிடி பண்ணினார்கள். நானும் பல்லைக் காட்டிச் சிரித்தேன்.

பகிடிக்கு ஆளான இன்னொருத்தியும் இருந்தாள். கொட்டாஞ்சேனைப் பிள்ளை ஒன்று, மொன்டிசூரியில் படிப்பிக்கிறவள். எந்த நேரமும் அவளுடைய ஃபோன் விழுந்து உடையும். “வெண்ணெய்க் கை” என்று அவளுக்குப் பட்டம் வைத்திருந்தோம். அவளும் என்னைப் போலவே சிரிப்பாள்.

அந்தச் சனிக்கிழமை அவனுக்கு அனெக்ஸ் விஷயம் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அந்த வாரம் முழுக்கவே குமுறிக்கொண்டிருந்தான். இன்டர்நெட் பெட்டியைச் சுவரிலிருந்து பிடுங்கி எறிந்திருந்தான். நான் பிரதி எடுத்து வைத்திருந்த டிரைவைக் கொண்டுபோய்க் கால்வாய்க்குள் போட்டிருந்தான். பெரிய பிளான் ஒன்று முடிகிற கட்டத்தில் இருந்தது. திங்கட்கிழமை கொடுக்காவிட்டால் அந்த அலுவலகம் வேறு ஆளைப் பார்க்கும் என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பிளான் இப்போது லெப்டொப்பில் மட்டும்தான் இருந்தது.

கதவைச் சாத்தினான். ஒரு சொல்லும் பேசாமல் வந்து தலைமயிரைப் பிடித்து நெற்றியை மேசையில் அடித்தான். இன்னொரு தரம் அடித்தான். மூக்கால் இரத்தம் வடிந்து வாய்க்குள் போனது. பிறகு சமையலறை லாச்சியிலிருந்து சுத்தியலை எடுத்து வந்தான். நான் லெப்டொப்பின் மேல் விழுந்து படுத்தேன். காலால் உதைத்துத் தள்ளிவிட்டு அடிக்கத் தொடங்கினான். முதல் அடியில் என் இடக்கைச் சின்னவிரல் சுத்தியலுக்கும் லெப்டொப்புக்கும் நடுவில் இருந்தது.

சொன்னால் விசரி என்பீர்கள். அந்த நேரம் நான் அழவில்லை. டிஸ்க் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுதான் யோசித்தேன். இந்தக் காலத்து டிஸ்க் சுவிங்கம் பட்டை அளவுதான் வரும். என் லெப்டொப்பில் அது இடப்பக்கம், உள்ளங்கை வைக்கிற இடத்துக்குக் கீழே இருந்தது. அவன் வலப்பக்கமாக அடித்தான். வலப்பக்கமே அடி, நாயே, அங்கேயே அடி என்று மனதுக்குள் கத்தினேன். விரல் எரிந்தது. கீபோர்ட் கட்டைகள் தெறித்துக் கட்டிலுக்குக் கீழே ஓடின. களைத்துப் போய்ச் சுத்தியலைப் போட்டுவிட்டு, “சாப்பாட்டைப் போடு” என்றான். போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவன் பின்னேரம் நித்திரையான பிறகு, மிஞ்சியதை அரிசிப் பையில் கட்டிக்கொண்டு அண்ணை வீட்டுக்கு ஓடினேன். நாலைந்து பேர் இருந்தார்கள். கொட்டாஞ்சேனைப் பிள்ளையும் இருந்தாள். பையை மேசையில் கொட்டினேன்.

“படிக்கட்டால விழுந்திட்டுது,” என்றேன்.

ஒருவரும் பகிடி பண்ணவில்லை. நானா மூடியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். “தங்கச்சி, உழுந்த சாமான் மூலையாலதான் நசுங்கும். இதுல மூலையெல்லாம் நல்லா ஈக்கிது. நடுவுல வட்ட வட்டமாப் பள்ளம். படிக்கட்டுக்கு உருண்டத் தலையா?” என்றார்.

அண்ணைக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பழுது விஷயத்தில் பொய் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. “பொய்க் காரணம் சொன்னா நாங்கள் பொய் ரிப்பேர்தான் செய்யலாம். ரெண்டு தரம் செய்தாச்சு. என்ன நடந்தது எண்டு ஒழுங்காச் சொல்லுங்கோ.”

எனக்கும் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை, ஆனால் அவர்தானே முன்னால் நின்றார். “சுத்தியல்!” என்று கத்தினேன். “என்ட மனுசன் சுத்தியலால அடிச்சவர். ஸ்க்ரீனும் அவர்தான். தேத்தண்ணியும் அவர்தான். இந்தா விரல், இந்தா மூக்கு. போதுமோ? ஒழுங்கா இருக்கோ இப்ப?”

ரயில் ஒன்று போனது. மேசையில் இருந்த ஸ்க்ரூ எல்லாம் ஆடி நின்றன. கொட்டாஞ்சேனைப் பிள்ளை பிளேன்டீக் கோப்பையைப் பிடித்தபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். நானா மூடியைக் கீழே வைத்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். “டிஸ்க் எந்தப் பக்கம்?”

“இடப்பக்கம்,” என்றேன். அப்போதுதான் அழுகை வந்தது.

டிஸ்க் முழுசாக இருந்தது. நானா அதை ஒரு சின்னப் பெட்டிக்குள் மாட்டி அண்ணையின் கொம்பியூட்டரில் கொளுவினார். என் பிளான் திரையில் விரிந்தது. படி, கக்கூஸ், மாமரத்துக்கு விட்ட இடம், எல்லாம் இருந்தன. சந்தோஷத்தில் நானாவின் தோளில் குத்தினேன். பிரதி எடுக்கத் தொடங்கினோம்.

வாசலில் அவன் நின்றான். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நான் எங்கே போவேன் என்று அவனுக்குத் தெரியும்.

முகத்தில் படிக்கட்டுச் சிரிப்பு. கையில் பேக்கரி ரோல்ஸ் பெட்டி வேறு. “ஸொறி அண்ணை, இவவால உங்களுக்கெல்லாம் கரைச்சல். சாமான் விழுந்து உடைஞ்சு போச்சு. நான் கடையில குடுத்துச் செய்விக்கிறன்.”

“விழேல்லை,” என்றார் அண்ணை.

“என்ன?”

“விழேல்லைத் தம்பி. அடிச்சு உடைச்சது.”

ரோல்ஸ் பெட்டியை மெதுவாக மேசையில் வைத்தான். அதே கையால் என் கன்னத்தில் அறைந்தான். எல்லார் முன்னாலும்! பிறகு வயரோடு பெட்டியை இழுத்தான். பிரதி பாதியில் நின்றது. பெட்டியைப் பிளந்து டிஸ்க்கை வெளியே எடுத்து, பிஸ்கட்டை முறிக்கிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்தான். குறுக்கே விழுந்த நானாவின் முகத்தில் முழங்கையால் இடித்தான். நானாவின் உதடு கிழிந்து சேட்டெல்லாம் இரத்தம். வாழ்நாளில் ஒரு கொசுவைக்கூட ஆத்திரத்தோடு அடித்திராத அண்ணை, கீபோர்ட் ஒன்றைத் தூக்கி அவன் முதுகில் அடித்தார். கட்டைகள் சோளப்பொரி போலச் சிதறின. அவன் திரும்பி அண்ணையைச் சுவரோடு வைத்துக் கழுத்தை நெரித்தான். மற்றக் கையை மேசையில் ஊன்றியிருந்தான். அதற்குள்தான் டிஸ்க் இருந்தது.

மேசைக்குக் கீழே பழைய பவர் சப்ளை ஒன்று கிடந்தது. செங்கல் அளவு இரும்புப் பெட்டி. இரண்டு கையாலும் தூக்கினேன். முறிந்த விரல் கத்தியது, கத்தட்டும். அவனுடைய மணிக்கட்டில் போட்டேன். காய்ந்த தடி முறிகிற சத்தம் கேட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். ஊளையிட்டுக்கொண்டு மற்றக் கையால் என் வாயில் குத்தினான். ஒரு பல் நாக்கின் மேல் விழுந்தது. அதைத் துப்பிவிட்டு இன்னொரு தரம் தூக்கினேன். அவன் கண்ணில் பயம் தெரிந்தது. இத்தனை வருடத்தில் அதை நான் கண்டதில்லை. அப்படியே தலையில் போட்டிருப்பேன். ஒழுங்கை முனை ஓட்டோக்காரர்கள் சத்தம் கேட்டு ஓடிவந்து அவனை நிலத்தில் அமத்தினார்கள். ஒருவர் என் கையிலிருந்து பெட்டியை வாங்கி வைத்துவிட்டு, “எத்தி அக்கே, எத்தி,” என்றார். போதும் அக்கா, போதும்.

பொலிஸ் வந்து அவனைக் கொண்டுபோனது. என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சிங்கள டொக்டர் ஒருத்தி, சின்ன வயது, வாயைத் திறந்து பார்த்தாள். விழுந்தீர்களா என்று தமிழில் மெல்லக் கேட்டாள். அவள் அதிகம் கேட்டுப் பழகிய பதில் அதுவாக இருக்கும். பழக்கத்தில் ‘ஓம்’ என்று தலை ஆடப் பார்த்தது. பக்கத்தில் கிழிந்த உதட்டோடு நானா, கழுத்தில் விரல் அடையாளங்களோடு அண்ணை.

“நே, டொக்டர். கெஹுவே மகே மஹத்தயா,” என்றேன். இல்லை, அடித்தது என் மனுசன். அவள் பேனையை எடுத்து எழுதினாள். நான் சொல்லச் சொல்ல எல்லாவற்றையும் எழுதினாள். தேத்தண்ணியைக்கூட விடவில்லை.

டிஸ்க் கொஞ்சம் வளைந்திருந்தது, ஆனால் வேலை செய்தது. ஓட்டைப் பல்லோடு திங்கட்கிழமை பிளானை அனுப்பினேன். கொட்டாஞ்சேனை அனெக்ஸுக்கு வந்துவிட்டேன். குரூப்காரர் ஆளுக்கொரு பாகம் கொண்டுவந்து எனக்கு ஒரு கொம்பியூட்டர் பொருத்தித் தந்தார்கள். அதற்குள் இருப்பது அந்தப் பவர் சப்ளை இல்லை. அதை நினைவுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று அண்ணை துடைத்துத் தந்தார், அலுமாரிக்கு மேல் வைத்திருக்கிறேன்.

வழக்கு நடக்கிறது. அவனுடைய தாய் ஃபோன் எடுத்து, “பிள்ளைக்கு இன்னும் கை மடங்குதில்லை,” என்று அழுதார். “என்ட விரலும்தான் மடங்குதில்லை மாமி,” என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

போன ஞாயிறு காலை அண்ணை குரூப்பில் எழுதினார்: “தங்கச்சி, லெப்டொப் விஷயத்துக்கு முடிவுக் குறிப்பு வரேல்லை.” அண்ணைக்கு எது மறந்தாலும் இது மறக்காது! சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. இருந்து எழுதினேன். பழுது: ஸ்க்ரீன், கீபோர்ட், கடைசியாக முழு லெப்டொப், ஒரு விரல், ஒரு பல். காரணம்: என் மனுசன் அடித்தது. முதல் இரண்டு தரமும் விழுந்தது என்று எழுதியது பொய். சரிவந்தது: வீட்டை விட்டு வெளியே வந்ததால். இதே பழுது யாருக்காவது இருந்தால் விழுந்தது என்று எழுதாதீர்கள். நடந்ததை எழுதுங்கள், நாங்கள் இருக்கிறோம்.

பெருவிரல் படங்கள் வரிசையாக வந்தன. நானா ஒரு பூ போட்டார். ஃபோனை வைத்துவிட்டுச் சோற்றுக்கு அரிசி கழுவப் போனேன். தண்ணீரை வடிக்கும்போது திரும்பவும் ஃபோன் அடித்தது. குரூப்பில் இல்லை, எனக்குத் தனியாக ஒரு செய்தி. கொட்டாஞ்சேனைப் பிள்ளை.

“அக்கா, என்ட ஃபோனும் விழேல்லை.”

எந்த ஒழுங்கை என்று மட்டும் கேட்டேன். பதில் வந்தது, என் அனெக்ஸுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி. அண்ணைக்கும் நானாவுக்கும் விலாசத்தை அனுப்பிவிட்டு, அடுப்பை அணைத்துச் செருப்பைப் போட்டேன். அலுமாரிக்கு மேலிருந்த பவர் சப்ளையையும் இறக்கிப் பைக்குள் வைத்தேன்.